சிவபாதத்தின் காருக்குள் பெய்த மழை

அந்தக் கோடையில் இங்கிலாந்து முழுவதும் ஒரு சொட்டு மழை இல்லை. பெய்த மழையெல்லாம் சிவபாதத்தின் காருக்குள்தான் பெய்தது.

மே மாதத்தில் வானம் கையை விரித்தது, ஜூனில் புல் காய்ந்தது, ஜூலையில் ஆறுகளின் அடியில் கிடந்த பழைய சைக்கிள்களெல்லாம் வெளியே தெரிந்தன, தோட்டக் குழாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு கடிதம் வந்தது, வெள்ளைக்காரர்கள் தங்கள் புல்வெளியின் ஓரத்தில் இழவு வீட்டுக்கு வந்தவர்களைப்போலக் கைகட்டி நின்றார்கள். அப்படியான ஒரு சனிக்கிழமை காலை, ஹரோவில் தன் வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரரிடம் "இரண்டு கிழமை ஹொலிடே, கிராமப் பக்கம் போகிறோம், சிநேகிதர்களைப் பார்க்கப் போகிறோம்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிட்டுச் சிவபாதம் காரில் ஏறிச் சாவியைத் திருப்பியபோது, கூரைத் துணியிலிருந்து முதல் துளி அவருடைய மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் நல்ல மழை பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவி மங்களேஸ்வரி காலடியில் கிடந்த குடையை எடுத்து இருவருக்கும் பொதுவாகப் பிடித்தார். சிவபாதம் ஒரு கையால் காரை ஓட்டி மறு கையால் உள்கண்ணாடியைத் துடைத்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருப்பதில் அவர்களுக்குப் பதினொரு மாதப் பழக்கம் இருந்தது.

ஹொலிடே என்றது பொய். அவர்கள் தங்கள் ஒரே மகன் ஆரூரனைத் தேடிப் போனார்கள்.

அது எப்படி நடந்தது என்றால், போன ஆகஸ்ட் மாதத்தில் சிவபாதம் மகன் டொக்டராகிவிட்டான் என்று ஹரோவில் பெரிய மண்டபம் எடுத்து இருநூற்று நாற்பது பேருக்கு அழைப்பு அனுப்பியிருந்தார், சமையலுக்குச் சொல்லியாயிற்று, மேடைக்குப் பூ சொல்லியாயிற்று, ஸ்டெதஸ்கோப் வடிவத்தில் கேக்குக்கும் சொல்லியாயிற்று. சனிக்கிழமை விழா என்றால் புதன்கிழமை பின்னேரம் ஆரூரன் குசினிக்குள் வந்து நின்று, தான் மூன்றாம் வருடத்திலேயே படிப்பை விட்டுவிட்டதாகவும் இவ்வளவு நாளும் ஒரு பொருட்கிடங்கில் பெட்டி அடுக்கியதாகவும் சொன்னான். அழுதுகொண்டு சொல்லவில்லை, தப்பினேன் என்ற முகத்தோடு சொன்னான். சிவபாதம் அடிக்கவில்லை, கத்தவில்லை. பிறகு, "சனிக்கிழமை மட்டும் சமாளி. மற்றதைப் பேந்து பாப்பம்" என்றார்.

அவனும் சமாளித்தான். கோட்டு சூட்டுப் போட்டான், மேடையில் நின்றான், எங்கள் எல்லாரிடமும் கை குலுக்கினான். ஆம், நாங்களும் அங்கேதான் இருந்தோம், இதைச் சொல்லும் நானும் இருந்தேன். கேக்கை வெட்டும்போது அவனுடைய கை நடுங்கியதை இருநூற்று நாற்பது பேரும் பார்த்தோம், பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு துண்டு தின்றோம். ஞாயிற்றுக்கிழமை விடிய அவன் இல்லை. சூட்டை மடித்துக் கட்டிலில் வைத்திருந்தான், தொலைபேசியைக் குசினி மேசையில் வைத்திருந்தான். இருபத்துநாலு வயதுப் பிள்ளை தன் விருப்பத்தில் போனால் நாங்கள் என்ன செய்வது என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாராவது மகன் எப்படி என்று கேட்டால், சிவபாதம் "மன்செஸ்டரில, சரியான பிஸி" என்றார். தீபாவளிக்கு முன்பே எங்கள் எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது, தெரிந்தபிறகு ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் இதற்கு மரியாதை என்று பெயர்.

மங்களேஸ்வரி பதினொரு மாதமும் மகனுடைய அறையில் படுத்து, அவன் போகக்கூடிய இடம் எது எது என்று நினைத்து நினைத்து, கடைசியில் மூன்று வீடுகளை மிச்சம் வைத்திருந்தார். அவன் சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் போய் நின்ற வீடுகள் அவை. தொலைபேசியில் கேட்டால் மானம் போய்விடும் என்றார் சிவபாதம். சரி, நேரில் போவோம் என்றார் மங்களேஸ்வரி. போகலாம், ஆனால் அவனைப் பற்றி நாங்களாக வாய் திறந்து கேட்கக் கூடாது, கதையோடு கதையாக வந்தால் வரட்டும் என்று சிவபாதம் கட்டளை போட்டார். அந்தக் கட்டளையோடுதான் குடையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

முதல் வீடு ஒக்ஸ்பேர்டுக்கு மேற்கே, ஒரு கிராமத்தின் முகப்பில், பெற்றோல் நிலையத்துக்கு மேலே இருந்தது. தவராசா சிவபாதத்தோடு ஒரே வகுப்பில் படித்தவர். கார் வந்து நின்று, நான்கு கதவும் திறந்து, தண்ணீர் படிபடியாக இறங்கி ஓடியதை அவர் கையில் சாவிக்கொத்தோடு நின்று பார்த்தார்.

"என்ன மச்சான், உள்ளுக்கை மழையோ?"

"ஓமடா. வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் இதுதான்."

"எத்தினையாம் ஆண்டுக் கார்?"

"பதினாலு."

"அப்ப வாறண்டியும் முடிஞ்சிருக்கும்," என்று தவராசா கவலைப்பட்டார். பிறகு உள்ளே போய்த் துளையிடும் மெஷினை எடுத்து வந்து காரின் அடித்தட்டில் நான்கு துளை போட்டு, நாலிலும் முழ நீளத்தில் ரப்பர் குழாய் பொருத்தினார். தண்ணீர் அழகாக றோட்டில் இறங்கியது. கார் கழுவ வந்த நாலைந்து பேர் வாளியோடு வரிசையில் நின்றார்கள், குழாய்க்குத்தான் தடை, காருக்குத் தடை இல்லை என்று அதில் ஒருவர் சட்டம் சொன்னார். அவ்வளவுதான். அந்தக் கிராமம் அந்த மழையை ஒரு பின்னேரத்துக்குள் பழகிக்கொண்டது.

இரவுச் சாப்பாட்டுக்குத் தவராசாவின் மனைவி சறோ இடியப்பமும் சொதியும் செய்திருந்தார். தட்டு எடுக்கும்போது ஐந்து எடுத்தார், பிறகு ஒன்றைத் திரும்ப அலுமாரியில் வைத்தார். மங்களேஸ்வரி அதைக் கண்டார். கண்டும் கேட்கவில்லை.

"அண்ணை, தம்பி ஆரூரன்..." என்று சறோ தொடங்கினார். தொடங்கிவிட்டு, சிவபாதத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனோ, மன்செஸ்டரில. ஐயோ சரியான பிஸி. வார்டும் வீடும்தான். போன் எடுக்கவே நேரமில்லை எண்டாப் பாருங்கோவன்," என்று சொல்லிச் சிவபாதம் சிரித்தார். மரக்கூரை வரை போகும் பெரிய சிரிப்பு அது. சறோ மங்களேஸ்வரியைப் பார்த்தார். மங்களேஸ்வரி சொதியைப் பார்த்தார். தவராசா எழுந்து கை கழுவப் போனார், இன்னும் சாப்பிட்டு முடிக்காத மனிதர்.

இரண்டு நாள் நின்று திங்கட்கிழமை புறப்பட்டார்கள். அவர்கள் போன வழியெல்லாம் நான்கு குழாயும் தண்ணீர் சிந்திக்கொண்டே போயின. மறுநாள் விடிந்தபோது, காய்ந்து கிடந்த அந்த நாட்டில், பெற்றோல் நிலைய வாசலில் தொடங்கி மேற்கே போகும் றோட்டு ஓரம் முழுவதும் ஒரு முழ அகலத்துக்குப் புல் பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. செம்மறியாடுகள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி அதைத் தின்றன.

இரண்டாவது வீடு ஹெரெபோர்ட்ஷையரில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. டொக்டர் குகதாசனும் மனைவி வதனியும் அங்கே இருபது வருடமாக இருக்கிறார்கள், ஊரில் உள்ள இரத்த அழுத்தமெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சிவபாதத்தின் கார் வருவதற்கு முன்பே அதன் புகழ் வந்துவிட்டது. வதனி முதலில் தன் கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்தார், பிறகு ரோசாக்களை, பிறகு புல்வெளியைக் காட்டி "அண்ணை, காரை ஒருக்கா இதால விட்டு எடுங்கோவன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன் தக்காளிக்காக வந்தார். அடுத்த நாள் கிராமசபை கூடி, ஒருவருடைய சொந்தக் காருக்குள் பெய்யும் மழை பொதுத் தண்ணீரா தனித் தண்ணீரா என்று இரண்டு மணி நேரம் பேசி, முடிவுக்கு வராமல் தேநீர் குடித்துக் கலைந்தது. பாதிரியார் தேவாலய அறிவித்தல் பலகையில் கார் எந்த நேரம் எந்தத் தெருவில் நிற்கும் என்று எழுதிப் போட்டார். அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தார் மூன்று வான் வண்டிகளில் வந்து காரோடு நின்று படம் எடுத்தார்கள், ஊரிலிருந்து வந்த மழை மாதிரியே மணக்கிறது என்றார் ஒருவர், இல்லை இது வன்னி மழை, எங்கடை பக்கத்து மழை வேறை என்று இன்னொருவர் அவரோடு சண்டைக்கு நின்றார்.

எல்லாரும் மழையைப் பற்றிக் கேட்டார்கள். எப்போது தொடங்கியது, உப்பா நன்னீரா, குடிக்கலாமா, தேங்காய் எண்ணெய்த் தலைக்கு ஒத்துக்கொள்ளுமா. சிவபாதம் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கடைசிவரை விளக்கம் சொன்னார். பதினொரு மாதமாக மனிதர்களைக் கண்டாலே உள்ளுக்குள் ஒடுங்கிப்போன அந்த மனிதருக்கு, கேட்கப் பயப்படத் தேவையில்லாத ஒரு கேள்வி கிடைத்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். வியாழக்கிழமை கிரிக்கெட் மைதானத்தில் காரை நிறுத்தி, தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு குழாயைக் கையில் பிடித்து, வரிசையில் வந்த ஒவ்வொரு வாளியையும் தானே நிரப்பினார். நூறு வாளிக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு வாளியின் விளிம்பையும் கவனமாகப் பார்த்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மங்களேஸ்வரி அந்த நாட்களில் காருக்குள்ளேயே இருந்தார். உள்ளே வாங்கோ அக்கா, நனைஞ்சு வருத்தம் வரப்போகுது என்று வதனி வந்து வந்து கூப்பிட்டார். மங்களேஸ்வரி வரவில்லை. அந்த மழைக்குள் இருந்தால் முகம் நனைந்திருப்பதற்கு யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

"இஞ்சாருங்கோ," என்றார் சனிக்கிழமை காலை, சிவபாதம் புறப்படக் காரில் ஏறும்போது. "இஞ்சையும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"நேசன் மாஸ்டர் இருக்கிறார். அங்கை வரும் கதை."

"வராட்டி?"

சிவபாதம் கண்ணாடியைத் துடைத்தார்.

நேசன் மாஸ்டர் வீடு டெவனில், கடல் பக்கம். நாலு மணி நேர ஓட்டம். ஆனால் அதுதான் கடைசி வீடு என்று இருவருக்கும் தெரியும், அங்கும் இல்லையென்றால் பிறகு எங்குமில்லை. அதனால் சிவபாதம் நேரே போகாமல் சந்துக்குள் விட்டார், சிறு றோட்டுகளில் விட்டார், ஒரு கோட்டையைப் பார்ப்போம் என்றார், ஒரு குகையைப் பார்ப்போம் என்றார், மங்களேஸ்வரியும் பார்ப்போம் என்றார். சொமர்செட்டில் நான்கு றோட்டுகள் சந்திக்கும் ஓர் இடத்தில், தனியாக நின்ற ஒரு வீட்டின் முன்னால், எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேய அம்மா காய்ந்த அவரைப் பந்தலுக்கு அடியில் தேத்தண்ணிக் கோப்பையால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். திருமதி ஹாலட் என்று பெயர். சிவபாதம் காரை நிறுத்தி ஒரு பக்கத்து இரண்டு குழாயையும் பந்தலுக்குத் திருப்பிவிட்டார். அந்த அம்மா காருக்குள் எட்டிப் பார்த்து, உங்களுக்கென்ன, கொடுத்து வைத்தவர்கள் என்றார். விடுமுறைக்கு வந்தீர்களா என்று கேட்டார்.

"விடுமுறைதான். அருமையாகப் போகிறது," என்றார் சிவபாதம் ஆங்கிலத்தில். "சிநேகிதர்களைப் பார்க்கிறோம். ஒரு குறையுமில்லை. எங்கள் மகன் மன்செஸ்டரில் டொக்டர்."

முன்பின் தெரியாத, இனிமேல் காணப்போகாத ஒரு கிழவியிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டால், எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியாது. எங்களுக்கும் அது அப்படித்தான் வாயில் வரும்.

மூன்று நாள் அப்படி அலைந்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் டெவனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நேசன் மாஸ்டர் ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், மனைவி போனபிறகு ஒரு கிராமத்துத் தபால் கடையைத் தனியாக நடத்திவந்தார். கார் நின்ற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். குழாயால் ஓடும் தண்ணீரைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வாங்கோ, வாங்கோ. பிரயாணமெல்லாம் எப்பிடி?" என்றார்.

"அருமை மாஸ்டர், அருமையான ஹொலிடே..." என்று சிவபாதம் தொடங்கினார்.

மங்களேஸ்வரி காரிலிருந்து இறங்கி வந்தார். சேலையிலிருந்து தண்ணீர் வடிந்தது, தலைமயிர் கழுத்தோடு ஒட்டியிருந்தது, பத்து நாளாக நனைந்து கைவிரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வாசற்படியில் நின்றார், உள்ளே ஏறவில்லை.

"மாஸ்டர், எங்கடை ஆரூரனைக் கண்டனீங்களோ?"

"மங்களம், பேசாம இரும்," என்றார் சிவபாதம்.

"பதினொரு மாசம் பேசாமத்தான் இருந்தனான்," என்றார் மங்களேஸ்வரி, அவரைத் திரும்பிப் பார்க்காமல். "மாஸ்டர், அவன் மன்செஸ்டரில இல்லை. அவன் வீட்டை விட்டுப் போட்டான். உயிரோடை இருக்கிறானோ எண்டும் எங்களுக்குத் தெரியாது. கண்டனீங்களெண்டாச் சொல்லுங்கோ. உங்கடை காலிலை விழுறன்."

மாஸ்டர் தான் காணவில்லை என்றார். சொல்லிவிட்டு, கடைக் கதவில் மூடியிருக்கிறது என்ற அட்டையைத் தொங்கவிட்டு, தொலைபேசியை எடுத்துத் தவராசாவைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசையில் வைத்தார். வழக்கமான சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"தவராசா, ஆரூரன் எங்கை?"

அந்தப் பக்கம் தவராசா அழத் தொடங்கினார். சறோ தொலைபேசியை வாங்கினார்.

"மங்களம் அக்கா நிக்கிறாவோ? அக்கா, நீங்கள் வந்த நேரம் பிள்ளை எங்கடை வீட்டிலைதான், மேல் அறையிலை. போன ஆவணியிலை இருந்து எங்களோடைதான் நிண்டவன், பெற்றோல் ஷெட்டிலை வேலை செய்தவன். சொல்ல வேண்டாம் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டான். நீங்கள் வாறியள் எண்டு அறிஞ்ச உடனை ஒண்டுதான் சொன்னவன். 'அவை என்னைப் பற்றிக் கேட்டா நான் இறங்கி வாறன் அன்ரி. கேக்காட்டி நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ' எண்டவன். ஒருக்காக் கேட்டிருந்தாக் காணும் அக்கா. அவன் படியிலை குந்தியிருந்தவன், சப்பாத்தும் போட்டுக்கொண்டு."

சிவபாதம் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். "நீயாவது சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

"எப்பிடி அண்ணை சொல்லுறது? நான் கதையைத் தொடங்கினனான். நீங்கள் மன்செஸ்டர் எண்டு சிரிச்சுச் சொல்லேக்கை, உங்கடை முகத்துக்கு நேரை இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவர்கள் புறப்பட்ட மறுநாள் காலை, றோட்டோரத்தில் பச்சைப் புல்லைக் கண்டுவிட்டு, தவராசாவின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் அதன் வழியே போனதாகச் சறோ சொன்னார். எங்கேயாவது ஒரு இடத்தில் கேட்பார்கள்தானே அன்ரி, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

மாஸ்டர் உடனே குகதாசன் வீட்டுக்கு எடுத்தார். வதனி முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார்.

"வந்தவன் மாஸ்டர். வியாழக்கிழமை. கிரிக்கெட் கிரவுண்டிலை வாளியோடை வரிசையிலை நிண்டவன். சிவபாதம் அண்ணைதான் அவனுக்கும் தண்ணி நிரப்பி விட்டவர். அண்ணை நிமிந்து பாக்கேல்லை."

சிவபாதம் நூறு வாளிகளையும் நினைத்துப் பார்த்தார். சிவப்பு வாளி, நீல வாளி, கைபிடி உடைந்த வாளி, எல்லாம் நினைவுக்கு வந்தன, விளிம்புவரை நினைவுக்கு வந்தன. ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்கள் போனாப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கடை கதவைத் தட்டினவன்," என்றார் வதனி. "அப்பா அம்மா என்னைப் பற்றி ஏதும் கேட்டவையோ எண்டான். நான் பிள்ளை சந்தோஷப்படட்டும் எண்டு, ஓம் தம்பி, ஒவ்வொரு நாளும் உம்மடை மன்செஸ்டர்ப் பெருமைதான் எண்டன். சிரிச்சவன். சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு திரும்பவும் அந்தப் புல்லுப் பக்கமாப் போனவன்."

அப்படியென்றால் அவன் வந்துகொண்டிருக்கிறான். புல்லைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறான், பத்து நாளாக அவர்கள்தான் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சிவபாதம் மாஸ்டர் நீட்டிய தேத்தண்ணியை வாங்கவில்லை. காரைத் திருப்பினார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, கொட்டும் மழைக்குள் இருந்துகொண்டு, எதிரே வரும் தன் பச்சைப் புல் கோட்டின் மேல் கண்ணை வைத்து ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் மங்களேஸ்வரி தலையை வெளியே நீட்டினார். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் சிவபாதம் காரை விரட்டினார். கிட்டப் போனால் அது ஒரு வெள்ளைக்காரக் கிழவராக இருக்கும், பள்ளிக்கூடப் பெட்டையாக இருக்கும். அவர்களிடமும் நிறுத்திக் கேட்டார்கள். கேட்கத் தொடங்கியபிறகு சிவபாதத்தால் நிறுத்த முடியவில்லை; பசுக்களை மேய்த்துக்கொண்டு போனவரிடம் கேட்டார், தபால்காரரிடம் கேட்டார், ஐஸ்கிரீம் வான்காரரிடம் கேட்டார், தாடி வைத்திருப்பானோ தெரியாது, மெலிந்து போயிருப்பானோ தெரியாது, சிரித்தால் இடது கன்னம் மட்டும் குழி விழும் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டார்.

நான்கு றோட்டுச் சந்திக்கு வந்தபோது பின்னேரம் ஐந்து மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. திருமதி ஹாலட்டின் அவரைப் பந்தல் செழித்துச் சிவப்பாகப் பூத்திருந்தது. அதற்கு முன்னால், றோட்டோரப் பச்சைப் புல்லில், ஓர் ஆள் நீட்டுக்குப் புல் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சைக்கிள் சரித்துப் போட்ட தடம் இருந்தது.

சிவபாதம் ஓடிப்போய் அந்த அம்மாவிடம் கேட்டார்.

"ஆம், வந்தான்," என்றார் அவர். "நேற்று. நல்ல பிள்ளை. எனக்குப் பந்தலைக்கூட இறுக்கிக் கட்டித் தந்தான். அந்தப் புல்லில் வெகுநேரம் படுத்திருந்தான். பிறகு என்னிடம் ஒன்று கேட்டான். இந்த வழியால் மழையோடு போன காரில் இருந்தவர்கள் யாரையாவது தேடிக்கொண்டு போனார்களா என்று."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"இல்லை, அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள், மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள், மகன் டொக்டராம் என்றேன்." அந்த அம்மா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள்?"

"எந்தப் பக்கம் போனான்?"

"தெரியவில்லையே. அடுப்பில் தண்ணீர் கொதித்தது, உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஆள் இல்லை."

நான்கு றோட்டு. இரண்டில் புல் பச்சையாக இருந்தது, அவர்கள் வந்தது ஒன்று, போனது ஒன்று. போன வழியில் அவன் எதிர்ப்படவில்லை, வந்த வழிப் புல்லில் சைக்கிள் திரும்பிப் போன தடம் இல்லை, ஆகவே அவன் இரண்டிலும் போகவில்லை. மற்ற இரண்டும் காய்ந்து கிடந்தன, ஒரு தடமும் இல்லை. மங்களேஸ்வரி நசுங்கிய புல்லில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைத் தடவினார்.

"அம்மா," என்றார் சிவபாதம், திருமதி ஹாலட்டைப் பார்த்து. "அவன் டொக்டர் இல்லை. அவன்தான் என் மகன். பதினொரு மாதமாக அவனைத்தான் தேடுகிறோம்."

அதைச் சொல்லி முடித்தபோது காருக்குள் மழை நின்றது. நான்கு குழாயும் கொஞ்சம் சொட்டின, பிறகு அதுவும் நின்றது. பதினொரு நாளாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இல்லாமல் போனதும்தான் அவர்களுக்குப் பயம் பிடித்தது. இனி அந்தக் கார் எங்கே போனாலும் பின்னால் புல் முளைக்காது. பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது. "ஐயோ, பெய்யட்டும், கொஞ்ச நேரம் பெய்யட்டும்," என்று மங்களேஸ்வரி எழுந்து ஓடிவந்து காரின் கூரைத் துணியைக் கையால் தட்டினார், பிழிந்தார். ஒரு துளி வரவில்லை.

வடக்கே போகும் காய்ந்த றோட்டில் முதல் வீட்டுக் கதவை சிவபாதம் தட்டினார், எதிர் வீட்டுக் கதவை மங்களேஸ்வரி தட்டினார். அந்த றோட்டு முடிந்ததும் கிழக்கே போகும் றோட்டில் தட்டினார்கள். மாலை வணக்கம் சொல்ல வந்தவர்களுக்கு வாய் திறக்க இடம் கொடுக்காமல் கேட்டார்கள்.

புதன்கிழமை காலை எங்கள் தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தன. சிவபாதம் புதிதாகப் பட்டியல் ஒன்றும் தேடவில்லை, போன வருடம் விழாவுக்கு அழைப்பு அனுப்பிய அதே இருநூற்று நாற்பது பேருக்கும் அனுப்பியிருந்தார். மேலே பூ வைத்த அதே பழைய அழைப்பிதழ், டொக்டர் ஆரூரன் சிவபாதம் என்று பொன் எழுத்தில். அதற்கு நேர் கீழே இது:

"நான் எல்லாருக்கும் பொய் சொன்னனான். பிள்ளை படிச்சு முடிக்கேல்லை. அவனைக் காணேல்லை. எங்கையாவது கண்டால் பிடிச்சு வைக்க வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். அப்பா கேட்டவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."